பௌர்ணமிக்கு வந்த வண்டி

எனக்குத் தொண்டை கொஞ்சம் ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூரில் நடந்த விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் மைக் படுத்துவிட்டது. பின்வரிசையிலிருந்து நான், "தலைவரே, ஒண்ணும் கேக்கலை" என்றேன். தலைவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை, நான் சொன்னது மட்டும் எல்லோருக்கும் கேட்டது. அன்றைக்கே அடி அண்ணாமலைக் கிளைக்கு என்னைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். என் புத்தியைப் பார்த்துக் கொடுத்த பதவி என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இருக்கட்டும், நான் மறுக்கவில்லை.

அந்தத் தொண்டையை வைத்துத்தான் போன வருஷம் கூலியை உயர்த்தினோம். வரப்பு கழிக்கிற ஆணுக்கு ஒரு கூலி, நாளெல்லாம் குனிந்து மல்லாட்டை பிடுங்குகிற பெண்ணுக்கு அதில் பாதி என்றிருந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகம் வரைக்கும் கொடி பிடித்துப் போய், வெயிலில் உட்கார்ந்து, கடைசியில் ஆணுக்குப் பக்கத்தில் வந்து நின்றோம். சமம் இல்லை, பக்கம்தான். அதற்கே நான் ஒரு மாதம் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

இந்த வருஷம் வந்த பிரச்சினை வேறு. அதைக் கூட்டத்தில் சொல்லவே கூச்சமாக இருந்தது. கூலி வேண்டும் என்றால் கையைத் தூக்கிக் கோஷம் போடலாம். ஒதுங்க இடம் வேண்டும் என்றால் எதைத் தூக்குவது? ஒற்றை விரலைத் தூக்கினால் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும்.

விஷயம் இதுதான். ஊரிலேயே பெரிய மல்லாட்டை நிலம் தருமனுடையது. கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. முன்பெல்லாம் சுற்றிலும் புதரும் கருவேலமும் கிடந்தன, அவசரத்துக்கு மறைவுக்குப் பஞ்சமில்லை. இப்போது ஒரு பக்கம் யாரோ ஒரு சாமியாரின் மதில், ஒரு பக்கம் மனைப் பிரிவு, ஒரு பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற மாடிவீடு, மலைப் பக்கம் கம்பிவேலி. பொதுக் கழிப்பறை கிரிவலப் பாதையில்தான் இருக்கிறது. நடந்து போய்த் திரும்ப அரை மணி ஆகும். அந்த அரை மணியைச் சாயங்காலம் கூலியில் பிடித்துக்கொள்வார் தருமன். கணக்கு வைப்பது அவர் மனைவி சரோஜா. காலையிலிருந்து மாலைவரை வரப்பில் நின்றுகொண்டு, யார் எழுந்தாலும் செல்போனில் மணி பார்ப்பாள். சரோஜாவைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒளித்துச் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

ஆக, நாங்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. சித்திரை வெயிலில், காலையில் வீட்டில் ஒரு வாய் நனைத்ததோடு சரி.

என் பக்கத்து வீட்டு உண்ணாமலை போன அறுவடையில் மல்லாட்டை வரிசையிலேயே சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைப் பிடித்துத் திட்டினார். மூத்திரத்தில் கிருமி, சிறுநீரகத்தில் கல், இன்னொரு கோடை இப்படியே தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் ஆளே மிஞ்ச மாட்டாள் என்றார். உண்ணாமலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள்.

"தண்ணி குடிக்கிறதுக்கு நான் ரெடிமே. குடிச்ச தண்ணிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் இல்லை, இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். வேலைக்குப் போகாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

டவுனில் சாமியானா, பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடுகிற குலாம் ரசூல் பாயிடம் போய் விசாரித்தேன். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அனுப்புகிற கழிப்பறை வண்டி அவரிடம் உண்டு. நீல நிறம், இரண்டு கதவு, மேலே தண்ணீர்த் தொட்டி, ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். அறுவடை நாட்களுக்கு மட்டும் அது வேண்டும், அரை மணிக் கூலியைப் பிடிக்கக் கூடாது என்று சங்கத்தின் சார்பில் தருமனிடம் கேட்டோம்.

தருமன் வாய்விட்டுச் சிரித்தார். "கூலி கேட்டீங்க, குடுத்தேன். இப்ப கக்கூஸா? அடுத்த வருஷம் இன்னா, வயக்காட்டுல ஏசியா?"

"ஏசி வேணாண்ணே. அதுக்குக் கரண்டு பில்லு ஜாஸ்தி" என்றேன்.

"இத பாரு மணி, எங்கப்பன் காலத்துலேருந்து இந்த நெலத்துல பொம்பளைங்க வேல செய்றாங்க. யாரும் இதக் கேட்டதில்ல."

"உங்கப்பா காலத்துல புதரு இருந்துச்சுண்ணே. புதர வித்தது நீங்கதானே?"

அதோடு பேச்சு முறிந்தது. சித்திரை பிறந்ததும் வேலைக்கு வர மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். தருமன் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் ஆள் கொண்டுவரப் பார்த்தார். அங்கேயும் நம் சங்கம்தான். வேன் காலியாக வந்து காலியாகப் போயிற்று, வாடகை மட்டும் போனதுதான் மிச்சம். மல்லாட்டை முற்றிக் காத்திருந்தது. மேற்கே தினமும் மேகம் கட்டியது. கோடை மழை ஒரு பாட்டம் விழுந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். தருமனுக்கு ராத்தூக்கம் போயிற்று என்று கேள்விப்பட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் போயிற்று. வேலை இல்லாத நாட்கள் உண்ணாமலை வீட்டில் எப்படிக் கழிந்தன என்று எனக்குத் தெரியும். இது தோற்றால் அடுத்த வாரமே அவள் தண்ணீர் குடிக்காமல் அந்த வரிசையில் போய்க் குனிய வேண்டும்.

அப்போது சித்ரா பௌர்ணமி வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். வெயில் ஏறுமுன் சுற்றிவிடலாம் என்று விடியலிலேயே பாதி ஜனம் நடக்கும். நானும் உண்ணாமலையும் பாதையோரம் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தோம். ஓர் ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர்ந்து வந்தது. உள்ளே பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு தருமன்.

"பக்த கோடிகளே! அண்ணாமலையாருக்கு அரோகரா! மலையப் பாத்தபடி ஒரு வரிசை மல்லாட்ட புடுங்கினா ஒரு கிரிவலம் சுத்துன புண்ணியம்! மூட்டைக்கு ஒரு படி அன்னதானத்துக்கு! தொண்டு செய்ய வாரீர்!"

எந்தப் புராணத்தில் இருக்கிறது இது? மூட்டைக்கு ஒரு படி சாமிக்காம், மீதி யாருக்கு? ஆனால் நம் ஜனங்களுக்குப் புண்ணியம் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதுமே. சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு மஞ்சள் உடைக் கூட்டம், ஆண்களும் பெண்களுமாக, கோவிந்தா போடாத குறையாக அவர் பின்னாலேயே திரும்பிவிட்டது.

நான் வெள்ளரிக் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். "இருமே, போய் நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேக்கறேன்."

உண்ணாமலை என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "பக்தருங்ககிட்ட சண்டைக்குப் போனா நாமதான் கெட்டவங்க ஆவோம். சும்மா போய்ப் பாப்பம், வா."

போனோம். விஷயம் பரவி, சங்கத்துப் பெண்கள் எல்லோருமே வேலியோரம் வந்து சேர்ந்துவிட்டார்கள். நிலத்துக்குள் திருவிழா நடந்தது. சிவ சிவா என்று ஒரு செடியைப் பிடுங்குகிறார்கள், பிடுங்கியதோடு ஒரு செல்பி, செல்பி முடிந்ததும் பச்சைக் கடலையை உரித்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். பொய் சொல்லக் கூடாது, சிலர் நன்றாகவே வேலை செய்தார்கள். வரப்பில் சரோஜா கையில் செல்போனோடு நின்றாள். யாரை அதட்டுவது என்று தெரியாமல் அவள் முழித்ததைப் பார்க்க இரண்டு கண் போதவில்லை.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா, கூட்டத்துக்குத் தலைவி போலிருக்கிறது, தருமனிடம் வந்தார்.

"ஐயா, இங்க டாய்லெட் எங்க இருக்கு?"

தருமன் கையை அகலமாக வீசி நாலு திசையையும் காட்டினார். அந்த அம்மா நாலு திசையையும் பார்த்தார். மதில், மனைக் கல், வேலி. மாடிவீட்டு மொட்டைமாடியில் ஒரு வெள்ளைக்காரர் தலைகீழாக நின்று யோகா செய்துகொண்டிருந்தார்.

"அவரு இருக்காரே?"

"அவரு தலகீழாதானேம்மா இருக்காரு. ஒண்ணும் தெரியாது."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு தருமனைப் பார்த்தார். "எங்ககூட இத்தனை லேடீஸ் வந்திருக்காங்க. டாய்லெட் இல்லாம எப்படிங்க கூப்பிட்டீங்க? கொஞ்சமாவது யோசிக்க வேணாமா? வாங்க எல்லாரும், கெளம்பலாம்."

"அம்மா, அம்மா, இருங்க! ஒரு நிமிஷம்!"

தருமன் போனை எடுத்தார். நாங்கள் மூன்று மாதம் கேட்டு நடக்காத காரியம், ஓர் உலை சோறு வேகிற நேரத்தில் நடந்தது. ரசூல் பாயின் ஜீப் வந்தது. பின்னால் நீல வண்டி. ஜீப் மேலே சாமியானா, நாற்காலிகள், தண்ணீர் கேன்கள். மலையிலிருந்து தேர் இறங்கி வந்த மாதிரி தருமன் முன்னால் ஓடி வழி விட்டார்.

ரசூல் பாய் ஜீப்பிலிருந்து இறங்கி என்னைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "இன்னாம்மா மணி, நீ கேட்ட வண்டி வந்துடுச்சு. ஆளுதான் மாறிப்போச்சு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரையே கூப்பிடுகிற தொண்டை அடைத்துக்கொண்டது. வந்தவர்களுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? முடியாது முடியாது என்றது முடியாததனால் இல்லை, கேட்டது நாங்கள் என்பதனால்தான் என்று கண்ணெதிரே தெரிந்துபோயிற்று. அதுதான் தாங்க முடியவில்லை.

உண்ணாமலை அங்கே ஒரு பெரியவர் தட்டில் வைத்திருந்த விபூதியை அள்ளி என் நெற்றியில் தீட்டினாள். தானும் பூசிக்கொண்டாள். "அழுவாத. நாமளும் பக்தருங்கதான். வாங்கடி எல்லாம்."

நாங்கள் வரிசையாக உள்ளே நுழைந்தோம். தருமன் பாய்ந்து வந்தார்.

"ஏய், நீங்க ஸ்ட்ரைக்குல இல்ல?"

"சங்கம்தாண்ணே ஸ்ட்ரைக்கு. பக்தி ஸ்ட்ரைக் இல்ல" என்றேன். குரல் திரும்ப வந்துவிட்டது. "வேலை செய்ய வரலை. வண்டிய தரிசனம் பண்ணிட்டுப் போறோம்."

கண்ணாடி அம்மா எங்களைப் பார்த்து, "வாங்க வாங்க, நீங்களும் சேவைக்கு வந்தீங்களா?" என்று கைகூப்பினார். அவர் முன்னால் தருமன் எங்களை விரட்ட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். உண்ணாமலை சாமியானா நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீரை டம்ளர் டம்ளராகக் குடித்தாள். குடித்துவிட்டு, எழுந்து, அவசரமே இல்லாமல் நடந்து போய் நீல வண்டியின் படி ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"என் கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்ளோ நிம்மதியா இல்லமே" என்றாள்.

அன்றைக்கு அந்த வண்டிக்கு எத்தனையோ பேர் போனார்கள், வந்தார்கள். எல்லோரையும் நான் கவனிக்கவில்லை. சரோஜா மட்டும் கண்ணில் பட்டாள். முதல்தடவை சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் தண்ணீர் குடித்தாள். மறுபடி போனாள். போனில் மணி பார்க்கவே மறந்துவிட்டாள் போலிருந்தது.

உச்சி வெயிலுக்குப் பக்தர்களின் தொண்டு தணிந்தது. ஆளுக்கொரு பை பச்சைக் கடலையைப் பிரசாதம் என்று எடுத்துக்கொண்டு, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். ஒரு மூலைதான் முடிந்திருந்தது. மீதி நிலம் அப்படியே கிடந்தது. மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. தருமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"நாளைக்கு வந்துடுங்க மணி. பேசுன கூலி அப்படியே தர்றேன்."

"வண்டி?"

"வண்டி இப்பவே போவுது."

ரசூல் பாய் குறுக்கே வந்தார். "தருமண்ணே, பௌர்ணமி முடிஞ்சா என் வண்டி சும்மாதான் நிக்கும். அறுவடை முடியிற வரைக்கும் இருக்கட்டும், வாடகைய கம்மி பண்ணிக்கிறேன்."

"வாடகை இல்ல பாய் பிரச்சினை. இன்னிக்கு வுட்டா பழக்கமாயிடும்."

"வந்தவங்களுக்கு மட்டும் குடுத்தீங்களே" என்றாள் உண்ணாமலை.

"அவங்க விருந்தாளிங்க."

"நாங்க?"

"நீங்க நம்ம ஆளுங்கம்மா! நமக்குள்ள இன்னாத்துக்கு இதெல்லாம்?"

நம்ம ஆள் என்றால் அடக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் சட்டம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமி வண்டியையே கொண்டுவந்து நிறுத்திவிட்டது, பூசாரி மாத்திரம் அசையவில்லை. நாங்கள் கிளம்பினோம். உண்ணாமலை கூடையை எடுத்தாள். நாளைக்கு அவள் மட்டும் வேலைக்கு வந்தாலும் வருவாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

ரசூல் பாய் ஜீப்பைப் பின்னால் எடுத்து வண்டியை மாட்டினார். "உள்ள யாராவது இருக்கீங்களா? வண்டி கெளம்புது!" என்று வழக்கம்போல ஒரு குரல் கொடுத்தார்.

"நான் இருக்கேன்" என்றது உள்ளேயிருந்து.

சரோஜாவின் குரல்.

"சரோஜா, சீக்கிரம் வா. பாய் நிக்கிறாரு" என்றார் தருமன்.

"நான் வரலை."

"இன்னா, உடம்புக்கு எதனா..."

"உடம்பு நல்லாத்தான் கீது. வண்டி இங்கயே இருக்கட்டும்னு சொல்லு, வர்றேன்."

தருமன் எங்களைப் பார்த்தார், ரசூல் பாயைப் பார்த்தார், கதவருகே வாயை வைத்துக் குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் பாக்கறாங்கடி. மானத்த வாங்காத."

"பாக்கட்டும். கல்யாணமாகி இந்த நெலத்துக்கு வந்த நாள்லேருந்து பொழுதுக்கும் வரப்புல நிக்கிறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இங்க நான் ஒரு வாய் தண்ணி குடிச்சுப் பாத்திருக்கியா நீ? பாக்கலை. ஏன்னா நான் குடிச்சதில்ல. அந்தப் பொண்ணு உண்ணாமல விழுந்தாளே, அவளுக்கு வந்தது எனக்கும் வந்து, எங்கம்மா வீட்டுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு வேலூரு ஆஸ்பத்திரியில போய்க் காட்டிட்டு வந்தேன். எவங்கிட்டப் போயி இதச் சொல்றது? இவங்களுக்காவது கேக்க சங்கம் இருக்கு."

ரசூல் பாய் ஜீப் இன்ஜினை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் சரோஜாவை இத்தனை வருஷம் மனசுக்குள் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொண்டேன். மணி பார்த்ததற்கான பாதி அப்படியே இருக்கட்டும்.

"சரி, இருக்கட்டும். வண்டி இருக்கும். வெளிய வா" என்றார் தருமன்.

"எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றே? செயலாளர்கிட்ட சொல்லு. அரை மணிக் கூலியையும் சேத்து சொல்லு."

தருமன் என் பக்கம் திரும்பினார். "அறுவடை முடியிற வரைக்கும் வண்டி இருக்கும்மா. கூலியில புடிக்க மாட்டேன். போதுமா?"

"சத்தமாச் சொல்லுங்கண்ணே. உள்ள கேக்கலியாம்" என்றேன்.

அவர் சத்தமாகச் சொன்னார். கதவு திறந்தது. சரோஜா படியிறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் புடவையைச் சரிசெய்துகொண்டாள். அப்புறம் நேராக என்னிடம் வந்தாள்.

"மணி, உங்க சங்கத்துல எனக்கும் ஒரு கார்டு போட முடியுமா?"

நான் திகைத்துப் போனேன். ஆனாலும் நான் செயலாளர், விதி விதிதான். "சரோஜாக்கா, எங்க சங்கத்துல கூலி வாங்கறவங்கதான் சேர முடியும்."

சரோஜா மெதுவாகத் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். தருமன் அவசரமாக மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

மழை வரவில்லை. மறுநாள் நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போனோம். வரப்பில் யாரும் நிற்கவில்லை. சரோஜா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு வரிசையில் குனிந்து மல்லாட்டை பிடுங்கினாள். உண்ணாமலைக்கு அடுத்த வரிசை. உண்ணாமலை தாகம் எடுத்தபோதெல்லாம் குடித்தாள், போனாள், வந்தாள். யாரும் மணி பார்க்கவில்லை.

சாயங்காலம் தருமன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கூலி கொடுத்தார். நாங்கள் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு நகர்ந்தோம். உண்ணாமலைக்குப் பின்னால், கடைசியாக, சரோஜா வந்து நின்றாள். தருமன் தலையைத் தூக்காமலே நோட்டுகளை எடுத்து நீட்டினார். வளையலைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. சரோஜா கையை நீட்டியபடியே நின்றாள். நாங்களும் போகாமல் நின்றோம்.

அவர் கொடுத்தார். சரோஜா அதை எண்ணிப் பார்க்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தாள்.

"சந்தா எவ்ளோ மணி?" என்றாள்.